அன்னக்கொடியின் அடைக்கோழி

கூட்டைத் திறந்து குனிந்து எண்ணியபோது வான்கோழிக் குஞ்சுகள் ஆறுதான் நின்றன. அமலி மறுபடியும் எண்ணினாள். ஏழாவது, மூலையில் சாக்கின்மேல் இறக்கை விரிந்து கிடந்தது. கையில் எடுத்தாள். சூடு இன்னும் முழுதாகப் போகவில்லை. வால்பக்கத்து இறகெல்லாம் மஞ்சள் கரைத்து ஊற்றியதுபோல் எச்சம் ஒட்டியிருந்தது. முந்தாநாள் செத்ததற்கும் இப்படித்தான் இருந்தது, அதற்கு முந்தியதற்கும்.

"என்னத்தா, எத்தனை கெடக்கு?"

வேலிக்கு அந்தப்பக்கம் அன்னக்கொடி களைக்கொத்தோடு நின்றிருந்தாள். தினமும் இந்நேரத்துக்கு இதே கேள்வி. அமலி செத்ததை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "எல்லாம் கெடக்குக்கா" என்றாள்.

அமலியின் புருஷன் அலெக்சாண்டர் கோடைக்கானலில் ஒரு மிஷன் பங்களாவில் பட்லர். அன்னக்கொடி அதே பங்களாத் தோட்டத்தில் களையெடுப்பவள். புருஷன் செத்த வருஷம் பூண்டியிலிருந்து வந்தவள். பங்களாவுக்குப் பின்னால் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. மாசி மாதம் பங்களாத் துரைசாணி பெங்களூரிலிருந்து பத்து வான்கோழி முட்டைகளை வரவழைத்து அமலியிடம் கொடுத்திருந்தார். கிறிஸ்மஸ் விருந்துக்கு நாலு பறவை தந்தால் போதும், மிச்சமெல்லாம் உனக்கே என்று சொல்லியிருந்தார். வான்கோழியைச் சமைத்துத் தட்டில் வைத்துத்தான் அமலி பார்த்திருந்தாள். அடைவைக்க அவளிடம் கோழியும் இல்லை. அன்னக்கொடிதான் தன் கருப்புக் கோழியைத் தூக்கிவந்து, "நல்லா அடை உக்காரும், வச்சுக்க" என்று கொடுத்தாள். பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கே உறுத்தியிருக்க வேண்டும் என்று இப்போது அமலிக்குப் பட்டது. சும்மா யார் கொடுக்கிறார்கள்?

நாட்டுக்கோழி முட்டைக்கு இருபத்தோரு நாள் போதும், இதற்கு இருபத்தெட்டு. அந்தக் கோழி எழுந்திருக்காமல் உட்கார்ந்து ஒன்பது குஞ்சு பொரித்து, அவற்றோடு அதே கூட்டிலேயே இருந்தது. பொரித்தவற்றுக்குத் தின்னத் தெரியவில்லை. அவித்த முட்டையையும் வெங்காயத்தாளையும் பொடியாக அரிந்து வைத்து, தட்டில் விரலால் தட்டித் தட்டி அமலிதான் பழக்கினாள். ஈரம் ஆகாது என்று துரைசாணி சொல்லியிருந்தார். அதனால் மேகம் இறங்கினாலே ஒன்பதையும் முந்தானையில் வாரிக்கொண்டு உள்ளே ஓடுவாள். அடுப்பில் சோறு குழைந்தது, துணி நனைந்தது. ஆறு வாரம் ஒன்றுகூடச் சாகவில்லை. கால் நீண்டு, கழுத்து நீண்டு, அவளைக் கண்டதும் கூட்டமாக ஓடிவரத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொன்றாகப் போயின. குளிரில் போயிருந்தால் குஞ்சிலேயே போயிருக்க வேண்டும். தேறி வந்ததைக் கண்டு வயிறெரிந்த ஒரு கை இருக்கிறது என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

மறுநாள் வெள்ளனே எழுந்து விறகு அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பனி விலகவில்லை. வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு அன்னக்கொடி வந்தாள். அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் கூட்டின் சட்டத்துக்குள் கையை விட்டாள். அமலி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"என்னக்கா வைக்கிற?"

"என் கோழிக்குக் களி. அடை உக்காந்து எலும்பாக் கெடக்கே, பாக்கலியா நீ?"

கையை விரித்தாள். கேப்பைக்களி உருண்டை ஒன்று இருந்தது.

"அப்ப நீ தின்னு காட்டு."

அன்னக்கொடி அவளையே பார்த்தாள். பிறகு உருண்டையைக் கூட்டின் மேல் வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்தாள். "மாட்டேன்" என்றாள்.

அந்த ஒரு சொல் அமலிக்குப் போதுமானதாக இருந்தது. அலெக்சாண்டர் காலைக் காப்பியோடு துரைசாணியிடம் போய் அன்னக்கொடி விஷம் வைத்ததாகச் சொன்னான். மத்தியானத்துக்குள் அன்னக்கொடிக்கு வேலை போனது. வாரக் கடைசிக்குள் வீட்டையும் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். அவள் யாரிடமும் வாதாடவில்லை. வந்து கோழியை மட்டும் தூக்கிக்கொண்டு போனாள்.

அமலி மிச்சமிருந்த ஆறையும் பலகைத் தரை போட்ட சாமான் அறைக்கு மாற்றிப் பூட்டினாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது. மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களா, கை நின்னுச்சு, சாவும் நின்னுச்சு" என்று பால்காரரிடம்கூடச் சொன்னாள். நாலாம் நாள் ஒன்று தலையைத் தொங்கப்போட்டது. தரையில் அதே மஞ்சள்.

அன்று இரவுச் சோற்றின்போது அவள் அலெக்சாண்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குஞ்சுகளின் நாற்றம் தாங்கவில்லை என்று நாலு நாளாகச் சலித்துக்கொள்கிறவன். அவள் தூங்கும்போது இடுப்பிலிருந்து சாவியை எடுக்க முடியாதா என்ன?

"சாமான் ரூமத் தொறந்தீங்களா?"

அவன் கவளத்தைத் தட்டிலேயே போட்டான். "ஏ, என்னையுமா?"

விடிவதற்குள் அது செத்துப்போனது. அந்த சீசனுக்கு வந்து தங்கியிருந்த துரைசாணியின் தம்பி தன் ஊரில் வான்கோழிப் பண்ணை வைத்திருந்தவர். செத்ததைக் கொண்டுவரச் சொல்லி, குசினிப் பலகையில் வைத்து அறுத்தார். ஈரலில் வட்டவட்டமாக மஞ்சள் புண்கள். கத்தி முனையால் ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசினார். அலெக்சாண்டர் கேட்டுத் தமிழில் சொன்னான்.

"நாட்டுக்கோழிகிட்டருந்து வர்ற சீக்காம். கோழிக்கு ஒண்ணும் பண்ணாதாம். அது பீச்சுன மண்ணுல இதுக மேஞ்சா, பத்து நாள் கழிச்சுக்கூட ஈரல் போயிருமாம். அவங்க ஊர்ல கோழி நடந்த எடத்துல இதுகள விடவே மாட்டாங்களாம்."

"அப்ப யாரும் எதுவும் வைக்கலியா?"

"யாரு வைக்கிறது?" என்றான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான். "அவ கோழியாலதான செத்துச்சு. நாம சொன்னது முழுப்பொய் இல்லல்ல. விட்டுரு. தொரைசாணிகிட்டப் போய் எப்படி மாத்திச் சொல்றது?"

அது அவளுக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. அன்று முழுக்க அதையே மனசில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். கோழி அவளுடையதுதானே, கொடுத்தவள் அவள்தானே. ஆனால் சாயந்திரம் வெங்காயத்தாள் அரியும்போது, வேலிக்கு அப்பால் சாமான் கட்டும் சத்தம் கேட்டது. அமலி அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தது. ஒரு படி கேப்பையைத் துணியில் முடிந்துகொண்டு போனாள்.

அன்னக்கொடி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கோழி கூடைக்குள் இருந்தது.

"அக்கா, அது சீக்காம். நீ ஒண்ணும் பண்ணலன்னு தெரிஞ்சிருச்சு."

"அது எனக்குத் தெரியும். அதச் சொல்லத்தான் வந்தீங்களா?"

அந்த 'வந்தீங்களா' அமலியைச் சுட்டது. ஏழு வருஷமாக அவளை 'நீ' என்றும் 'ஆத்தா' என்றும் கூப்பிட்ட வாய்.

"தொரைசாணிகிட்ட நானே போய்ச் சொல்றேன். நீ பூண்டிக்குப் போக வேணாம்க்கா. இங்கனயே இரு."

அன்னக்கொடி பாய்க்கட்டின்மேல் உட்கார்ந்தாள். "இப்ப எதுக்கு என்னய நிறுத்துறீங்க? மிச்சம் கெடக்குற அஞ்சும் செத்தா யாரச் சொல்றதுன்னா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் அமலி. ஆனால் அந்த ஐந்தும் செத்தால் தான் யார் கையைப் பார்ப்போம் என்பது அவளுக்கே தெரியவில்லை. முடிப்பை வாசற்படியில் வைத்தாள்.

"கோழிக்குத்தான். வழியில போட."

அன்னக்கொடி அதை எடுத்து முடிச்சவிழ்த்தாள். ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். கட்டி வைத்திருந்த சாமானிலிருந்து சுளகை உருவி, கேப்பையை அதில் கொட்டிப் பரப்பினாள். வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தானியத்தைக் கிளறிக் கிளறிப் பார்த்தாள். கூடைக்குள் கோழி ஒருமுறை கொக்கரித்தது. அவள் நிமிரவில்லை.

அமலி வாசலில் நின்றதால் சுளகின்மேல் நிழல் விழுந்தது. அவள் ஒதுங்கி, வெளிச்சத்துக்கு வழிவிட்டு நின்றாள்.