தேதி போட்ட தாள்

"ஏளா, இதுல என்ன எழுதியிருக்கு? நீ இங்கிலீஷ் வாசிப்பியே" என்று என் அக்கா முஃபீதா ராத்தா கேட்டாள். அவள் மாப்பிள்ளை நூகு மச்சானின் பெட்டியில் கிடைத்த ஆஸ்பத்திரித் தாள்.

நூகு மச்சான் துபாயிலிருந்து வரும் வழியில் பம்பாயில் இறங்கி, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டதாகச் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு ஹமீது பீவி மாமி, "குடலிறக்கத்துக்குப் பம்பாயா? திருநெல்வேலியில கத்தி மொட்டையாப் போச்சாக்கும்" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தாள்.

நான் ஒன்பதாவதோடு நின்று பன்னிரண்டு வருடமாகிறது. டிக்‌ஷனரி மட்டும் மிச்சம். அதை வைத்து அறைக்குள் வாசித்தேன். சர்க்கரை வியாதியில் மச்சானின் ஆண்மை போயிருக்கிறது. உறுப்புக்குள் இரண்டு கம்பிகள் வைத்துத் தைத்திருக்கிறார்கள். காய்ச்சலோ சீழோ வந்தால் உடனே வரவேண்டும் என்று கடைசியில் இருந்தது. மச்சானுக்கும் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

அதையெல்லாம் வாயால் சொல்லக் கூச்சம். "குடலிறக்கம்னுதான் போட்டிருக்கு ராத்தா" என்றேன். நான் தினமும் எழுதும் நோட்டில் மட்டும் ஒன்று விடாமல் தமிழில் எழுதி, வழக்கம்போல் மேலே தேதி போட்டேன்.

மறுநாளே மச்சானுக்குக் காய்ச்சல். உள்ளூர் டாக்டரிடமும் குடலிறக்கம் என்றே சொன்னார். கட்டைப் பிரிக்க விடவில்லை. வெறும் மாத்திரைதான். பத்தாம் நாள் கைலியெல்லாம் சீழ். அதைத் துவைத்தபடி ராத்தா அழுதாள். நான் நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து அவள் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "எனக்காவத்தானே செஞ்சிருக்காவ" என்றாள், பைய.

பாளையங்கோட்டை டாக்டரிடம் போகும்போது, ஆஸ்பத்திரித் தாளோடு ராத்தா கையிலிருந்த என் தாளையும் மச்சானே வாங்கி வைத்துக்கொண்டார்.

"ஒரு வாரம் முந்தி வந்திருந்தா உள்ளே கழுவிட்டு வேற வச்சுப் பாத்திருக்கலாம். இப்ப எடுக்கலேன்னா ரத்தத்துல விஷம் ஏறிரும். எடுத்த இடம் தழும்பாயிரும், திரும்ப வைக்கிறது கஷ்டம்" என்றார் டாக்டர்.

கம்பிகளை எடுத்தார்கள். மச்சான் பிழைத்து வீட்டுக்கு வந்தார். வீடு என்றால் எங்கள் வீடு. காயல்பட்டினத்தில் கலியாணமானால் ஆண்தான் பெண் வீட்டில் வந்து இருப்பான்.

புண் ஆறிய பிறகு, ஒரு சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் பெட்டியோடு அறையிலிருந்து வெளியே வந்தார்.

"சாயா ஊத்திட்டேன், குடிச்சிட்டுப் போங்க. எங்க போறீங்க?" என்றாள் ராத்தா.

அவர் சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்து, காய்ச்சலுக்கு முந்தின நாள் தேதி தெரியும்படி விரித்து என் முன்னால் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, அவருடைய உம்மா வீடு இருக்கும் தெருவைப் பார்த்து நடந்தார்.