மூக்குக்கீழே ஒரு கண்ணாடி

பவுலினின் மூக்குக்கீழே பிடித்த சின்னக் கண்ணாடியில் ஆவி படிகிறது, பப்பப்பா என்கிறாள், மறுபடி ஆவி, சகாயமேரி முந்தானையால் துடைத்து மகள் மூக்கடியில் பிடிக்கிறாள், எதிர்வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்தால் என் கண் என்ன செய்யும், பார்க்கத்தான் செய்யும், இல்லை, இந்தக் கண்ணாடிக் கதை அதற்கும் முந்தியது, முதலில் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிப் பெண் பிடித்தது, யாரும் கூப்பிடாமலே நானும் துணைக்குப் போயிருந்தேன், பிளந்து பிறந்த அண்ணத்தைக் கைக்குழந்தையிலேயே தைத்தாயிற்றாம், ஆனால் அண்ணம் குட்டையாம், தொண்டையின் பின்சுவரைத் தொட்டு மூக்குவழியை அடைக்க எட்டவில்லையாம், வாயில் வர வேண்டிய காற்றெல்லாம் மூக்கில் போகிறதாம், அதுதான் கண்ணாடியில் ஆவியாம், பள்ளிக்கூடத்தில் அவள் முறை வந்தால் டீச்சர் அடுத்த பிள்ளையை வாசிக்கச் சொல்லிவிடுவாள், பிள்ளை அங்கே வாயே திறப்பதில்லை, எங்கள் காம்பவுண்டில் அவள் பேச்சு புரிந்தது பெற்றவளுக்கும் எனக்கும்தான், நாலு வருஷம் கடைக்காரனிடம் அவளுக்கு நான்தான் வாய், அதில் எனக்குக் கொஞ்சம் கிராக்கியும் இருந்தது, மறைப்பானேன்.

ஏழு வயதில் தொண்டைப் பின்சுவரிலிருந்து சதையெடுத்து அண்ணத்தோடு தைத்தார்கள், வீடு திரும்பிய அன்று கேசரி கிண்டிக் காம்பவுண்டையே கூட்டிப் போனேன், பேசுடி கண்ணு என்றேன், தொண்டைப் புண்ணோடு பெரியம்மா என்றாள், அதே பழைய மூக்குக்குரல், எல்லோரும் கேசரித் தட்டையே பார்த்தார்கள், சாயங்காலத்துக்குள் ஆபரேஷன் பலிக்கவில்லை என்று மூன்று தெருவுக்குச் சொல்லிவிட்டேன், மறுநாள் சகாயமேரி என் வாசலில் நின்றாள், குரலை உயர்த்தவில்லை, கதவு இப்பத்தான் போட்டிருக்காங்க அக்கா, சாத்தப் பழக வேணாமா, அதோடு போய்விட்டாள், அடித்திருக்கலாம்.

அன்றிலிருந்து அந்த வாசலை மிதிக்கவில்லை, வெளியே நின்று அவர்கள் ஜன்னல்வழியாகப் பார்ப்பதுதான், புண் ஆறியதும் பழக ஆரம்பித்தார்கள், பள்ளி விட்டு வந்ததும் பப்பப்பா, தத்தத்தா, கண்ணாடி, முந்தானை, எட்டு மாதம், ஆவி பாதியாகிறது, பொட்டளவாகிறது, இன்று பப்பப்பா என்கிறாள், சகாயமேரி துடைக்கவில்லை, துடைக்க ஒன்றுமில்லை, தெளிந்த கண்ணாடிக்குள் ஜன்னல் கம்பியும் என் முகமும்தான் இருக்கின்றன, பவுலின் திரும்பாமலே சொல்கிறாள், பெரியம்மா, உள்ள வந்து பாருங்க, கால் கடுக்கப் போகுது, வாயில் வர வேண்டிய ஓர் எழுத்துகூட மூக்குப் பக்கம் ஒதுங்கவில்லை, என் நாலு வருஷ உத்தியோகம் போயிற்று, போகட்டும், நாளைக்கு மூன்று தெருவுக்கும் தலைநிமிர்ந்து போவேன், எங்க பிள்ளை என்பேன், கதவைத் தள்ளி நுழைகிறேன், அழாதீங்க பெரியம்மா என்று அவள் கண்ணாடியை என் மூக்குக்கீழே பிடிக்கிறாள், நான் வாயே திறக்கவில்லை, ஆவி படிந்து என் முகம் மறைகிறது.