ஒற்றை ஆளுக்குக் களி

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், கெம்பம்மா மகளோடும் கைக்குழந்தையோடும் சூளகிரியில் பஸ் ஏறினாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்த சுவேதாவைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற நேரம். பெங்களூர் பக்கம் சந்தாபுரத்தில் ஒரு கார்மென்ட்ஸில் அவளுக்கு வேலை. மருமகன் நவீன்குமாருக்கும் அங்கேயே கம்பெனி வேலை, வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். இரண்டு பேரும் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது? அதனால் கெம்பம்மாவும் கூடவே கிளம்பினாள்.

"பொங்கலுக்கு வந்துருவேன்யா. அதுக்குள்ள அவங்க ஒரு வழி பண்ணிக்கட்டும்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

"என்னைப் பத்திக் கவலைப்படாத. நான் என்ன கைக்குழந்தையா?" என்றான் கீழே நின்ற அவள் புருஷன் கிருஷ்ணப்பன்.

வாய்க்கொழுப்பு, வேறென்ன. கல்யாணமான நாளிலிருந்து அடுப்பு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்காத மனிதன் பேசுகிற பேச்சா இது?

புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் அவனுக்குக் காண்டிராக்ட்டில் தோட்ட வேலை. புல்தரைக்குத் தண்ணீர் விடுவது, செடி வெட்டுவது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வழக்கம்போல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். டீ வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான் என்பதுதான் கூத்து. பிறகு எழுந்து போய்த் தானே பால் வைத்தான். டீத்தூள் டப்பாவைத் தேடுவதற்குள் பால் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது.

களி அதைவிட மோசம். ஒரு ஆள்தானே என்று கொஞ்சம் தண்ணீர் வைத்து, கொதி வந்ததும் ஒரு கை கேழ்வரகு மாவைப் போட்டான். கோலை விட்டுக் கிண்டினால் பாத்திரம் சுற்றுகிறது, களி சுற்றவில்லை. அடி பிடித்தது, மேலே கட்டி கட்டியாகப் பச்சை மாவு. சில நாள் இப்படியே மல்லுக்கு நின்ற பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒற்றை ஆளுக்குக் களி கிண்ட முடியாது. கொஞ்சத் தண்ணீர் மாவு வேகும் முன்னே சுண்டிவிடும். இரண்டு பேருக்கு வைத்தால்தான் பதம் வரும். அதனால் தினமும் இரண்டு உருண்டை பிடித்தான். ஒன்றைச் சாப்பிட்டான். இன்னொன்றைத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போனான்.

அந்த மழையிலும் பனியிலும் இப்படித்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டான். கொடியில் காய்கிற துணி மழை வந்தால் தானாக உள்ளே வராது. கிளம்பும்போதே வானத்தைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு ஆள் இருந்தாலும் வீடு தினமும் குப்பையாகும். அந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பிரயோஜனமில்லை, பெருக்குவதுதான் சுலபம். "சொப்பு, சொப்பு" என்று கன்னடத்தில் கூவிக்கொண்டு போகிற கீரைக்காரம்மா, குரல் கொடுத்தால்தான் நிற்பாள். ஆம்பளை தெருவில் நின்று கீரைக்குக் கூப்பிடுவதா என்று வெட்கப்பட்டவன், மார்கழிக்குள் அவளிடம் முற்றின கீரையைத் தள்ளிவிட்டு இளசாகப் பொறுக்கத் தொடங்கியிருந்தான்.

வேலை தெரிந்துவிட்டது. வேலை முடிந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. எதிரே ஆள் இல்லாமல் சாப்பிட்டால் சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பேச்சுச் சத்தத்துக்காக டிவியை ஓடவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். கெம்பம்மா வேண்டும் என்று இருந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, அவள் வீட்டில் இருக்க வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தூரமும் பெரிய தூரமில்லை. ஆனால் பெண் கொடுத்த வீட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்தால் மரியாதை என்ன ஆவது?

தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளே போன் செய்வாள்.

"சாப்பிட்டியா?"

"களி கிண்டினேன். கீரை கடைஞ்சேன். சூப்பரா வந்துச்சு."

"நீயா?" என்று சிரிப்பாள்.

"பின்ன? உன் களியில ஒண்ணு ரெண்டு கட்டி இருக்கும். இதுல தேடினாலும் கிடைக்காது."

கஷ்டம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடுவாள், அங்கே குழந்தை திண்டாடும். அவன் அளந்ததில் பாதி அந்த நல்லெண்ணம். மீதி வீம்பு. கார்த்திகையில் அவள் சிரிப்பு குறைந்தது. "அப்பிடியா" என்றாள். பிறகு பிறகு, "சரி, வைக்கட்டா?" என்று சட்டென்று முடித்துக்கொண்டாள். குழந்தை அழுகிறது போல என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மார்கழியில் ஒரு நாள் சுவேதா கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா பொங்கலுக்கு வரலையாம். பாப்பா ஸ்கூல் சேர்ற வரைக்கும் இங்கயே இருக்கறேன்னு சொல்லிடுச்சு. பகல்ல பாப்பாவ விட்டுட்டுப் போக ஒரு எடம் பாத்து வெச்சிருந்தோம், அதையும் வேணாம்னுட்டோம். உனக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே?"

"அம்மாவே சொல்லிச்சா?"

"ஆமாப்பா. உங்கப்பாவுக்கு இனி நான் என்னாத்துக்கு, அதுவே என்னைவிட நல்லா வீட்டைப் பாத்துக்குதுன்னு சொல்லிச்சு. பெருமையாத்தான் சொல்லிச்சு."

மகளுக்கு அது பெருமையாகக் கேட்டிருக்கிறது. கிருஷ்ணப்பனுக்கு வேறு மாதிரிக் கேட்டது. நீ தேவையில்லை, நீ தேவையில்லை என்று தினமும் ஒரு தடவை தன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். அதுவும் சிரித்துக்கொண்டே.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, பேரிகைச் சந்தையில் வாங்கிய அவரைக்காய்ப் பையோடு சந்தாபுரம் போனான். வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்த கெம்பம்மா இளைத்திருந்தாள்.

"என்னாய்யா, ஒரு போன்கூடப் பண்ணாம?"

"அவரைக்கா நல்லா இருந்துச்சு. கொடுத்துட்டுப் போலாம்னு."

எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எப்படிப் பேச்சை எடுப்பது என்ற யோசனையிலேயே சாப்பிட்டு முடித்தவன், எழுந்து போய்த் தன் தட்டைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டான். சாப்பிட்ட இடத்தையும் துணி எடுத்துத் துடைத்தான். கைக்குப் பழகிவிட்டது, என்ன செய்ய?

"மாமா பக்காவா ட்ரெய்னிங் எடுத்துட்டாரு" என்று நவீன்குமார் சிரித்தான். "பாரும்மா" என்று சுவேதாவும் சிரித்தாள்.

கெம்பம்மா சிரிக்கவில்லை. கவிழ்த்திருந்த அந்தத் தட்டை எடுத்து, மறுபடியும் ஒரு தடவை கழுவி வைத்தாள்.

மருமகன் ஷிப்ட்டுக்குக் கிளம்பினான். மகளும் குழந்தையும் தூங்கினார்கள். அவரைக்காயை நடுவில் கொட்டி இருவரும் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"போன்ல சொன்னேனே, அதெல்லாம்..." என்று தொடங்கினான்.

"பொய்யா?"

"பொய்யில்ல. எல்லா வேலையும் செய்யறேன். நல்லாத்தான் வருது."

"அப்பறம் என்னா?"

"செஞ்சு முடிச்சு உக்காந்தா ஒண்ணும் பிடிக்கல. ரெண்டு உருண்டை பிடிக்கறேன். ஒண்ணு அப்பிடியே கெடக்குது."

அவள் கை நின்றது. "இதைச் சொல்றதுக்கு இத்தன நாளா?"

"சொன்னா வந்துருவ. பாப்பா என்ன பண்ணும்?"

"இப்ப வர முடியாதே. பாத்து வெச்ச எடத்தையும் விட்டுட்டாங்க. என்னை நம்பித்தான் இருக்கறாங்க" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இங்க பாப்பா தூங்கிட்டா பேச ஆளில்ல. எப்ப சாயங்காலம் ஆவும், உனக்குப் போன் போடலாம்னு இருப்பேன். எடுத்த உடனே நீ களி சூப்பரா வந்துச்சும்ப."

இரண்டு பேரும் அவரைக்காயை உரித்தார்கள்.

அவன் கிளம்பும்போது அவளே மகளிடம் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம உனக்கு லீவுதானே? சனிக்கெழம சாயங்காலம் ஊருக்குப் போயிட்டு மறுநாள் வந்துர்றேன். வாரா வாரம்." சுவேதாவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். மறுபேச்சு பேசவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கிருஷ்ணப்பன் வீட்டைப் பெருக்கித் துடைத்தான். பாத்திரம் தேய்த்தான், துணியை மடித்தான், தண்ணீர் பிடித்து வைத்தான். எல்லாம் முடித்துவிட்டு நடு வீட்டில் நின்று பார்த்தால், வருகிறவளுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அவள் மறுபடியும் கழுவிய அந்தத் தட்டு நினைவுக்கு வந்தது. மடித்த சட்டைகளை உதறிக் கட்டிலில் எறிந்தான். பிடித்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினான். குழம்புச் சட்டியை அடுப்பில் வைத்து, வேண்டுமென்றே தீய விட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

சாயங்காலம் வந்தவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இதுதான் நீ வீட்டைப் பாத்துக்கற லட்சணமா?"

"ஆமா."

"போன்ல அந்தப் பேச்சுப் பேசின?"

"சும்மா சொன்னேன்."

பையைக்கூட இறக்காமல் முந்தானையை இழுத்துச் செருகினாள். இறைந்து கிடந்த சட்டைகளில் மடிப்புத் தடம் அப்படியே தெரிந்தது. அதை அவள் கவனித்தாளோ என்னவோ, கவனித்திருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. அன்றும் மறுநாளும் ஓயாமல் திட்டினாள். சட்டியைச் சுரண்டினாள், களி கிண்டினாள், கொழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்டாள். கிருஷ்ணப்பன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து ஒரு டம்ளரைக் கழுவ வேண்டும் என்று கை பரபரத்தது, அடக்கிக்கொண்டான். களியில் ஒரு கட்டி இருந்தது, விழுங்கிவிட்டான்.

ஞாயிறு பொழுது சாயும் முன் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தான். வீடு பளிச்சென்று இருந்தது. பாத்திரமெல்லாம் கவிழ்த்திருந்தது, துணியெல்லாம் மடிப்பில் இருந்தது, குடங்கள் நிறைந்திருந்தன, நாளைக்கும் சேர்த்துக் குழம்பு மூடியிருந்தது. செய்வதற்கு ஏதாவது இருக்குமா என்று மூலை மூலையாகப் பார்த்தான். ஒன்றுமில்லை. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் ஒரு வாரம் கிடந்தது. கொஞ்ச நேரம் நின்றவன், அவள் துவைத்து மடித்து வைத்திருந்த சட்டையில் ஒன்றை எடுத்து வாளியில் போட்டு நனைத்தான்.