யார் வீட்டுப் பால்

கம்பெனி வேனுக்குப் பால் ஊற்றுவதை நிறுத்திவிடலாம் என்று அந்த ஊரில் முதலில் வாயைத் திறந்து சொன்னவள் கோமளவல்லிதான். ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணிக்குப் போகிற சாலையில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஊர் அது. ஒரு பக்கம் பயிர் வைக்கிற குடும்பங்கள், இன்னொரு பக்கம் பவர்லூம் ஓடுகிற நெசவுத் தெரு, வாய்க்காலைத் தாண்டினால் காலனி. மூன்று பக்கமும் மாடு இருந்தது. மூன்று பக்கத்துப் பாலும் விடிகாலையில் ஒரே வேனில் ஏறி, ஒரே கேனில் கலந்து எங்கோ போயிற்று. மறுநாள் பாக்கெட்டாகி ஊர்க் கடைக்கே திரும்பி வந்தது, விலை மட்டும் ஏறி.

"நம்ம மாட்டுப் பால நம்மளே வெல குடுத்து வாங்கிக் குடிச்சிகினு கீறோம்," என்றாள் கோமளவல்லி. "கொழுப்பு கம்மின்னு அவன் சொன்னா கம்மி. மெஷினும் அவனுது, வேனும் அவனுது. நம்மகிட்ட இன்னா கீது, சாணிதான்."

மே மாதக் கிராம சபையில் அதை எழுந்து நின்றே பேசினாள். நம்ம ஊர்ச் சாப்பாட்டு விஷயத்தை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பஸ் ஸ்டாப் பக்கத்தில் சும்மா கிடக்கிற ஷெட்டில் காலையில் அவரவர் கேனோடு நிற்பது. வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்வது. வாங்குகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாட்டுக் கொட்டகைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். "யாரு வூட்டுப் பாலுன்னு தெரிஞ்சி வாங்கணும். தெரிஞ்சவங்களுக்கு விக்கும்போது யாருக்கும் தண்ணி ஊத்த மனசு வராது," என்றபோது கைதட்டல் வந்தது. பத்துத் தறி வைத்திருக்கும் சடகோபன், ஊரே நைனா என்று கூப்பிடுகிற பெரிய மனிதர், முன் வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். தீர்மானம் போட்டார்கள்.

அன்று சாயங்காலமே கோமளவல்லி வாய்க்காலைத் தாண்டிப் போய்ப் புவனாவைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் இவளுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள் புவனா. செருப்புக் கம்பெனியில் வருஷக்கணக்காக வேலை செய்து சேர்த்த காசில் ஒரு ஜெர்சி மாடு வாங்கியிருந்தாள். காலனியில் வேனுக்குப் பால் ஊற்றியது அவள் ஒருத்திதான்.

"நான் வந்து நின்னா வாங்குவாங்களாக்கா?" என்றாள் புவனா.

"இன்னாத்துக்கு வாங்க மாட்டாங்க? ஊரே சேந்து போட்ட தீர்மானம்."

"தீர்மானம் சரிக்கா."

மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே அவள் அவ்வளவுதான் சொன்னாள். கோமளவல்லி விடவில்லை. எல்லாரும் சேர்ந்து நிறுத்தினால்தான் ஊருக்கு மரியாதை, ஒரு வீடு ஊற்றினாலும் வேன் வந்துகொண்டேதான் இருக்கும், நான் இருக்கிறேன் உனக்கு, என்று பேசிப் பேசி அவளைச் சம்மதிக்க வைத்தாள். அடுத்த வாரம் ஊரில் யாரும் ஊற்றவில்லை. வேன்காரன் சில நாள் வந்து ஹாரன் அடித்துப் பார்த்தான். பிறகு அவன் இந்த வழியையே விட்டுவிட்டான்.

ஷெட்டில் வியாபாரம் நன்றாகவே நடந்தது. நெசவுத் தெருப் பெண்கள் தூக்கோடு வந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பாட்டிலில் வாங்கிப் போனார்கள். கோமளவல்லியின் கேன் காலியாகும், பக்கத்தில் நிற்கிற பாஞ்சாலியின் கேன் காலியாகும். கடைசியில் நின்ற புவனாவின் கேன் மட்டும் மூடி திறக்காமல் இருந்தது. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தைச் சுளிக்கவும் இல்லை. சிரித்தார்கள், பையனுக்குப் பள்ளிக்கூடம் திறந்தாச்சா என்று கேட்டார்கள், நகர்ந்து போய் அடுத்த கேனில் வாங்கினார்கள். எல்லாருடைய பாலும் தீர்ந்த பிறகு வந்தவர்கள் கூட, "நாளைக்கி வாங்கிக்கறேன்மா," என்று காலித் தூக்கோடு திரும்பினார்கள்.

புவனா அந்தப் பாலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்ச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தாள், தயிராக்கினாள், மோராக்கினாள். அதற்கு மேல் என்ன செய்ய முடியும். ஒரு நாள் கேனைச் சைக்கிளில் கட்டும்போது கோமளவல்லியிடம் சொன்னாள்: "கம்பெனிக்காரன் கொழுப்பு எவ்ளோன்னுதான்க்கா கேட்டான். மாடு எந்தத் தெருவுல கட்டியிருக்குன்னு கேக்கல."

கோமளவல்லிக்குக் கோபமாக வந்தது, ஆனால் அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. புவனாவிடம் வாங்காதவர்கள் எல்லாரும் இவளிடம் வாங்குகிறவர்கள்.

அவளுக்கு ஒரு வழி தோன்றியது. அவள் மாடுகள் இரண்டில் ஒன்று சினையாகிப் பால் வற்றிப்போயிருந்தது. புவனாவின் பாலைக் கொல்லைப் பக்கமாக வாங்கித் தன் கேனில் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தாள். புவனாவுக்கு இது பிடிக்கவில்லை. "திருட்டுச் சாமானு மாதிரி கீதுக்கா," என்றாள். ஆனால் மாட்டுக்குத் தவிடு வாங்கியாக வேண்டும். கோமளவல்லியின் புருஷன் இளங்கோவன் பார்த்தும் பார்க்காதவன்போல் வயலுக்குப் போய்விடுவான். ஒருமுறை மட்டும், "தெரிஞ்சா ஷெட்டுல உன்ன நிக்க விடமாட்டாங்க," என்றான்.

சடகோபனின் மருமகள் மோகனப்ரியா தினமும் கோமளவல்லியிடம்தான் வாங்குவாள். "இப்பல்லாம் உங்க பால் நல்லா கெட்டியா கீதுக்கா. கொழந்த சொட்டு வெக்காம குடிக்கிறான்," என்று சொன்னபோது, கோமளவல்லி சிரித்துக்கொண்டே அளந்து ஊற்றினாள். உள்ளுக்குள் ஏதோ ஜெயித்துவிட்டதுபோல் இருந்தது. கொஞ்ச காலம் இப்படியே ஓட்டினால் ஒருநாள் எல்லாரிடமும் சொல்லிவிடலாம், சொன்னபிறகு யாரும் ஒன்றும் பேச முடியாது, என்று தனக்குத்தானே திட்டம் போட்டுக்கொண்டாள்.

ஆனால் ஊரில் யார் மாடு எப்போது கன்று போட்டது, எப்போது வற்றியது என்று யாருக்குத்தான் தெரியாது. பாஞ்சாலி ஒரு காலை எல்லார் காதிலும் விழுகிறமாதிரி கேட்டாள். "ஏம்மா கோமளா, கறக்கறது ஒரு மாடு. கேனு மட்டும் ரொம்பியே வருது. அது எங்கேர்ந்து?"

தூக்கை நீட்டிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. அந்த நேரம் சடகோபனும் அங்கே இருந்தார், பஸ்ஸுக்கு. மெதுவாக நடந்து வந்தார். அவர் எப்போதும் குரல் உயர்த்திப் பேசுகிறவர் இல்லை.

"நீதாம்மா சொன்ன, யாரு வூட்டுப் பாலுன்னு தெரிஞ்சி வாங்கணும்னு. நாங்க உன்ன நம்பித்தான் வாங்கறோம். யாரு வூட்டுது?"

ஷெட்டின் ஓரத்தில் புவனா நின்றுகொண்டிருந்தாள். இப்போது கேன் கொண்டுவராவிட்டாலும், பையனைப் பஸ் ஏற்றிவிட அவள் அங்கே வருவது வழக்கம். கோமளவல்லி அவளைப் பார்த்தாள். புவனா இவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கோமளவல்லி வாயைத் திறந்தாள். மோகனப்ரியாவின் முகம் எதிரில் இருந்தது. இத்தனை பேரைச் சேர்த்தது, வேனை நிறுத்தியது, இரண்டு குடும்பங்கள் புதிதாக மாடு வாங்கியிருப்பது, எல்லாம் ஒரே நொடியில் மனசில் வந்து போயிற்று.

"எங்க அண்ணன் வூட்டுப் பால், நைனா," என்றாள். "அம்மையார்குப்பத்துலேர்ந்து வருது."

யாரும் நம்பவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து விடிவதற்குள் யார் பால் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் நம்பாதவர்கள் எல்லாருக்குமே அந்தப் பொய் தேவைப்பட்டது. இத்தனை நாள் குடித்தது அண்ணன் வீட்டுப் பாலாகவே இருந்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. சடகோபன் தலையை ஆட்டினார். "அப்டின்னா சரி. ஆனா இனிமே வெளிப் பால் வாணாம்மா. கொட்டாய்க்கு சிமென்ட் தரை போட்டு, சுத்தமா வெச்சிருக்கறவங்க மட்டும் நிக்கட்டும். ஊருக்கு நல்லதுதானே?"

எல்லாருக்கும் சரி என்றுதான் பட்டது. புவனாவுடையதைப் போலச் சிமென்ட் தரை இல்லாத கொட்டகை ஊருக்குள்ளேயும் நாலைந்து இருந்தது. அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை என்பதும் அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. கோமளவல்லி மறுத்துப் பேசவில்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது புவனா நின்ற இடம் காலியாக இருந்தது.

மறுநாள் கொல்லைப் பக்கம் அவள் வரவில்லை. இரண்டு நாள் காத்திருந்துவிட்டு கோமளவல்லி காலனிக்குப் போனாள். புவனா கன்றுக்குட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். கோமளவல்லி வாங்கிக் குடித்தாள்.

"அன்னிக்கி வேற வழி தெரியல புவனா."

"ஆங்."

"உன் பேர சொல்லியிருந்தா ஷெட்டே கலைஞ்சிருக்கும்."

"கலைஞ்சிருந்தா வேன் திரும்பி வந்திருக்கும்க்கா," என்றாள் புவனா. குரலில் சூடு எதுவும் இல்லை. கன்றுக்குட்டியின் காதைத் துடைத்தாள். "உங்கள நான் ஒன்னியும் சொல்லல. நீங்க என்னை வெச்சிருந்தது உங்க கேனுக்குள்ளதான். அதுக்கு மேல உங்களால முடியாது."

கோமளவல்லி ஆர்.கே.பேட்டைக்குப் போய் வேன்காரனைத் தேடிப் பிடித்தாள். காலனிக்கு மட்டுமாவது வந்துபோக முடியுமா என்று கேட்டாள். அவன் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே சிரித்தான். "ஒரு மாட்டுக்கு வேனா? டீசலுக்கு யாரு குடுப்பா? நீங்கதானே எங்கள வாணாம்னு சொன்னீங்கோ." அவன் சொன்னதில் தப்பில்லை. அவள் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினாள்.

ஆடி பிறப்பதற்குள் புவனா மாட்டையும் கன்றையும் ஆந்திரா பக்கத்து வியாபாரி ஒருவனிடம் கொடுத்துவிட்டாள். லாரியில் ஏற மறுத்த மாட்டை மூன்று பேர் தள்ளி ஏற்றினார்கள் என்று இளங்கோவன் வந்து சொன்னான். பிறகு, கேட்காமலே, "நல்ல மாடு," என்றான்.

ஷெட் மட்டும் நாளுக்கு நாள் பெரிதாயிற்று. பாலோடு வேர்க்கடலை எண்ணெயும், கீரையும், முட்டையும் வந்தன. காலேஜ் பிள்ளைகள் ஒரு கூட்டம் கேமராவோடு வந்து, ஊரே சேர்ந்து நடத்துகிற சந்தை என்று படம் பிடித்தார்கள். நடுவில் ஆளில்லாமல் நேராக விற்பது எப்படி என்று சினேகா என்கிற பெண் மைக்கை நீட்டிக் கேட்டாள். கோமளவல்லி நன்றாகத்தான் பேசினாள். "ஊர்ல எல்லாருமே இதுல இருக்காங்களாம்மா?" என்று அந்தப் பெண் கேட்டபோது பக்கத்தில் சடகோபன் நின்றுகொண்டிருந்தார். கோமளவல்லி, "ஆங்," என்றாள். அந்தப் பெண் நன்றி சொல்லி மைக்கை எடுத்துக்கொண்டாள்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள், மெட்ராஸில் ஆஸ்பத்திரியில் இருந்த அத்தையைப் பார்க்கத் திருத்தணி ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்குக் காத்திருந்தாள் கோமளவல்லி. அன்று கிருத்திகை, மலையேறித் திரும்புகிற கூட்டம் பிளாட்பாரத்தில் மொட்டையும் சந்தனமுமாக நின்றுகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நீல யூனிஃபார்ம் கோட்டு மாட்டிக்கொண்டு புவனா நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை. அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலையாம். விடிகாலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வீடு.

"உடம்பு நல்லா கீதா?" என்று கேட்டாள் கோமளவல்லி.

"இருக்குதுக்கா. ஷெட்டு எப்டி போவுது?"

"போவுது."

"நல்லதுக்கா."

பையனைப் பற்றிக் கேட்டாள் கோமளவல்லி. படிக்கிறான் என்றாள் புவனா. "இப்பல்லாம் பாக்கெட்டுப் பால்தான் வாங்கறோம். முதல்ல வாணாம்னான். இப்ப பழகிட்டான்."

அன்று ஷெட்டில் சொல்லாமல் விட்டதை இங்கே, இவள் ஒருத்தியிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது கோமளவல்லிக்குத் தெரிந்தது. ரயில் வந்தது. புவனா, "வரேன்க்கா," என்று சொல்லிவிட்டு, தன்னைப்போலவே நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் நின்ற பெட்டிப் பக்கம் வேகமாக நடந்தாள். அவர்கள் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். கோமளவல்லி வேறு பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் இடம் இருந்தும், கதவுப் பக்கத்திலேயே நின்றுகொண்டு போனாள்.