பன்றிக்கும் காது உண்டு

மீனுக்குக் காது உண்டு, பன்றிக்கு அதைவிடப் பெரிய காது உண்டு என்பது என் கணவர் வெண்டலின் கட்சி. எங்கள் தீவில், எங்கள் ஊர் வைமியாவில், முக்கால்வாசி ஆண்கள் அதே கட்சிதான். அதனால் கோக்கே மலைக்கு வேட்டைக்கும் மீனுக்கும் கிளம்புகிறவர்கள் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "சும்மா சுத்திட்டு வரோம்" என்பார்கள். துப்பாக்கி, தூண்டில், நான்கு நாய், ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு சும்மா சுற்றப் போவார்கள். யாராவது எதிரே வந்து "எங்கே?" என்று கேட்டுவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாயங்காலம் வரை என் உயிரை எடுப்பார்கள்.

இப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்து திட்டம் போடுவதைக் கேட்க வேண்டுமே. எங்கள் கார் ஷெட்டில் மடக்கு நாற்காலி போட்டு, வெண்டலும் அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் மாசாவும் பீரும் அவித்த வேர்க்கடலையுமாக உட்காருவார்கள்.

"மேல போவமா?"

"போலாம். குண்டன் கிடைப்பான்ல?"

"போன மழைக்கப்புறம் நிறைய உழுது வெச்சிருக்கானாம்."

"வழவழப்பானவன்?"

"அவனும்தான். குளத்துல தண்ணி நல்லாருக்கு."

குண்டன் என்றால் பன்றி. வழவழப்பானவன் டிரௌட் மீன். இவ்வளவுதான் திட்டம். மீதி நேரம் இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தத் தடவை விஷயம் பெரியது. பேத்தி லெஹுவாவுக்கு முதல் பிறந்தநாள். எங்கள் பக்கம் கல்யாணத்தைக்கூடச் சுருக்கமாக முடிக்கலாம், குழந்தையின் முதல் பிறந்தநாளைச் சுருக்க முடியாது. ஊரே வரும். விருந்துக்கு மண்குழி அடுப்பில் வேகிற பன்றி மலையிலிருந்து தன் கையால் வந்ததாக இருக்கும் என்று வெண்டல் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அதோடு என் மகள் நோஹியா ஒரு நிபந்தனை போட்டாள்.

"அப்பா, நீல்ஸையும் கூட்டிட்டுப் போங்க. இங்க வந்து ரெண்டு வருஷமாச்சு. எந்த விருந்துக்குப் போனாலும் தட்டை வெச்சுக்கிட்டு ஓரமா உக்காந்திருக்கார், விருந்தாளி மாதிரி."

நீல்ஸ் எங்கள் மருமகன். மினசோட்டாக்காரன், பனியிலே பிறந்து வளர்ந்தவன். மாமனார் கூப்பிட்டார் என்றதும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அன்று மாலையே நான்கு நாய்களையும் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டிவிட்டான். வேட்டை நாய்கள் மல்லிகை வாசனையோடு சுற்றின. வெண்டல் மோந்து பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டார்.

முதல் சனிக்கிழமைக்கு முந்தைய மாலை. கார் ஷெட்டில் எல்லாம் தயார். வெண்டலும் மாசாவும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீல்ஸுக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தான்.

"அங்கிள், பன்னி வேட்டைக்குக் காலைல எத்தனை மணிக்குக் கிளம்பணும்? முதல்ல பன்னியா, இல்ல மீனா?"

மாசா பாதிக் கடலையைக் கீழே வைத்தார். வெண்டல் எழுந்து, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தச் சனிக்கிழமை அதோடு போயிற்று.

"நான் என்ன ஆண்ட்டி கேட்டேன்?" என்றான் நீல்ஸ்.

"எல்லாத்தையும் கேட்டுட்டே," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வாயைத் திறக்காமல் வண்டியில் ஏறினான். பெட்ரோல் பங்க் வரை நல்லபடியாகத்தான் போயிருக்கிறது. அங்கே அவன் ஆசையாக ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டியிருக்கிறான். ராத்திரி கண்விழித்துத் தானே செய்த வாழைப்பழ கேக். மீனுக்குப் போகிற வண்டியில் வாழைப்பழம்! வைமியாவில் பிறந்த நாய்க்குக்கூட அது ஆகாது என்று தெரியும். அரை மணியில் வண்டி திரும்பி வந்துவிட்டது. மாசா மட்டும் கேக்கை விடவில்லை, எங்கள் வாசலிலேயே நின்று முழுவதையும் தின்றுவிட்டுப் போனார்.

இனி ஒரே ஒரு சனிக்கிழமைதான் மிச்சம். அதற்கடுத்த சனிக்கிழமை விருந்து.

"அவன் வேணாம். நானும் மாசாவும் போய்க்கறோம்," என்றார் வெண்டல்.

"அவன் வரலன்னா நீங்களும் திரும்பி வராதீங்க, அங்கயே குண்டனோட குடித்தனம் நடத்துங்க," என்றேன். முப்பத்தைந்து வருஷம் இந்த மனிதரோடு வாழ்ந்திருக்கிறேன், இதுகூடச் சொல்லாவிட்டால் எப்படி?

நீல்ஸ் துணி துவைக்கிற மெஷின் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஆண்ட்டி, எங்க ஊர்ல ஒருத்தனைக் கூட சேத்துக்கிட்டா அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவோம். எங்க, எப்ப, யார் சமையல்னு. இங்க எனக்கு யாருமே ஒண்ணும் சொல்றதில்ல. நான் வேண்டாதவன்னு நினைச்சேன்."

அவன் தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

"மண்டு. டூரிஸ்ட் வந்தா உங்க மாமனார் விளக்கோ விளக்குன்னு விளக்குவார். வீட்டு ஆளுக்கு எதுக்குடா விளக்கம்? உன்கிட்ட அவர் பேசாம இருக்கார்னா நீ உள்ள வந்துட்டேன்னு அர்த்தம்."

அதை அவன் அளவுக்கு மீறிப் புரிந்துகொண்டுவிட்டான். அந்த வாரம் முழுக்க வாயே திறக்கவில்லை. சோறு வேண்டுமா என்றால்கூட தெருவைப் பார்த்தான்.

சனிக்கிழமை விடிந்தது. வண்டியில் நாய்கள் ஏறியாயிற்று. தூண்டிலும் துப்பாக்கியும் நீலத் தார்ப்பாய்க்கு அடியில். வெண்டல் சாவியைத் திருப்பினார். சரியாக அப்போது எதிர்வீட்டு வில்மா தண்ணீர்க் குழாயோடு வேலியோரம் வந்து நின்றாள். சர்ச்சில் மணி அடிப்பதற்கு முன்னால் செய்தி வில்மாவிடம் அடித்துவிடும். அவளுக்கும் ஊர் வழக்கம் தெரியாமல் இல்லை, நாக்கு நிற்காது, அவ்வளவுதான்.

"மூணு பேரும் விடியக்காலைல எங்க கிளம்பிட்டீங்க?"

வெண்டலின் கை எஞ்சினை அணைக்கப் போயிற்று. விருந்துக்குப் பன்றி போயிற்று, மருமகன் ஆசையும் போயிற்று.

நீல்ஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"நான் வீட்டை விட்டுப் போறேன் ஆண்ட்டி. நோஹியா துரத்திட்டா. அங்கிள் சாமானை எல்லாம் ஏத்தி ஏர்போர்ட்ல கொண்டு விடறார்."

"ஐயையோ! நாய்ங்க எதுக்குப்பா?"

"பாதி எனக்கு."

வில்மா குழாயைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். வெண்டல் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாசாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பாதி எனக்காம்! டேய், நீ ஆளுடா!" என்று நீல்ஸின் முதுகில் ஒன்று வைத்தார்.

அப்படியே போயிருக்கலாம். மாசா மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். அதை எடுக்க அவர் வீட்டுக்கு நடந்து போய் வருவதற்குள் எங்கள் வாசலை இரண்டு கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன. வில்மா, பாதிரியார் மனைவி, சர்ச்சில் கோரஸ் பாடுகிற பெண்கள் நான்கு பேர். ஒருத்தி கையில் மக்ரோனி சாலட் வேறு. துக்கம் விசாரிக்க வெறுங்கையோடு வருவார்களா?

"பச்சப் புள்ளைக்குப் பொறந்தநாள் வருது, இப்பவா ஓடுவே?" என்று ஒருத்தி நீல்ஸின் ஜன்னலைத் தட்டினாள்.

"எறங்கு தம்பி, உக்காந்து ஜெபம் பண்ணலாம்," என்றார் பாதிரியார் மனைவி.

நோஹியா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூக்கக் கண்ணோடு வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், புரிந்துவிட்டது. ஆனால் அவளும் வெண்டலின் மகள்தானே, பன்றி காதில் விழுந்துவிடுமே என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள். நானும் அப்படித்தான் நின்றேன். நீல்ஸ் தலையைக் குனிந்து அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டான். ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். அவன் சொல்லவில்லை.

அப்போது வில்மா சொன்னாள்: "நான் அன்னிக்கே சொன்னேன். வெளியூர்க்காரன். என்னிக்கு இருந்தாலும் விட்டுட்டுப் போறவன்தான்."

நீல்ஸ் நிமிர்ந்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது. அது நடிப்பில்லை.

வெண்டல் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். வண்டியின் பின்னால் போய்த் தார்ப்பாயை ஒரே இழுப்பாக இழுத்துக் கீழே எறிந்தார்.

"பன்னி வேட்டைக்குப் போறோம்!" என்று கத்தினார். "அப்புறம் குளத்துல மீன் பிடிக்கப் போறோம்! போதுமா? இன்னும் எங்கன்னு வேணுமா?" என்று ஆரம்பித்து, மலையில் எந்த வளைவு, எந்த ஓடை, எந்தப் பாறைக்குப் பின்னால் என்பது வரை சொல்லித் தீர்த்தார். அந்த இடத்தை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. திரும்பி வந்துகொண்டிருந்த மாசா தெருவிலேயே நின்று காதைப் பொத்திக்கொண்டார்.

"இவன் எங்கயும் போகல. இவன் எங்க வீட்டு ஆளு. வெளியூர்க்காரன்னு இனி எவ வாயிலயாவது வந்துச்சோ, நடக்கறது வேற!"

சாலட் கொண்டுவந்தவள் அதை மெதுவாக என் கையில் கொடுத்தாள்.

அவர்கள் மலைக்குப் போகத்தான் செய்தார்கள். மத்தியானம் மூன்று பேரும் சேறும் சகதியுமாக, ஒரு குஞ்சு மீன்கூட இல்லாமல், பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பி வந்தார்கள். வில்மாவுக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும், அவள் தம்பியின் பண்ணையிலிருந்து நல்ல கொழுத்த பன்றி ஒன்று சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது.

விருந்தன்று குழியைத் திறந்ததும் ஆவியோடு வாசனை எழுந்தது. ஹோனலூலுவிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் வெண்டலைத் தட்டினார். "அடேயப்பா! யார் அடிச்சது?"

"என் மருமகன்," என்றார் வெண்டல், கண்ணிமைக்காமல்.

நீல்ஸ் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். வெண்டல் அவன் காலை அழுத்தி மிதித்ததை நான் பார்த்தேன்.

"எந்தப் பக்கம்ப்பா கெடச்சுது?" என்று மைத்துனர் அவனிடமே கேட்டார்.

நீல்ஸ் வாயை மூடினான். மெதுவாகக் கறியை ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு மென்றான்.

"அதெல்லாம் கேக்கக் கூடாது அங்கிள்," என்றான்.

பக்கத்தில் நின்ற என் கணவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பேத்தி பிறந்த அன்றுகூட அதை நான் பார்க்கவில்லை.