நான்கு சிவப்புக் கோடுகள்

…இன்னும் பதினெட்டு நிமிடம், அதற்குள் நான்கு போல்ட்டும் ஏறியாக வேண்டும், என் மனைவிக்கு ஏழு மணி ஷிஃப்ட், வார்டில் இரவு நர்ஸ் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலையே பார்த்திருப்பாள், எட்டு மாதம் கழித்து இன்றைக்குத்தான் சைக்கிளில் போகப் போகிறாள், வேண்டாம் என்று தடுக்க எனக்கு வாய் வரவில்லை, சொல்ல வேண்டிய இன்னொன்றையும் எட்டு மாதமாகத் தள்ளிப்போடுகிறேன்… முதலில் போல்ட். ஹேண்டில்பாரைக் கவ்வியிருக்கும் சின்னத் தகடு, மூலைக்கு ஒரு போல்ட். கழற்றினேன், பழந்துணியால் மரையைத் துடைத்தேன், விரல்நுனியில் கிரீஸ் தொட்டுத் தடவினேன், கண்மை அளவுக்கு, அதற்கு மேல் வேண்டாம். காய்ந்த மரை பொய் சொல்லும், பாதியிலேயே இறுகியதுபோல முரண்டு பிடிக்கும், முடிந்தது என்று நாம் எழுந்துவிடுவோம், தகடு பிடித்தே இருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருடமாக லிஃப்ட் பராமரிப்பு, என் கையை நம்பித்தான் ஜனம் பதினாறு மாடி ஏறுகிறது… என் கையை!

“ஆச்சா?” சமையலறையிலிருந்து அவள். “ஆகுது, ஆகுது.” “இந்நேரத்துக்குப் புது சைக்கிளே செஞ்சிருக்கலாம்.” சிரிக்கிறாள், எப்படிச் சிரிக்கிறாள்? குறுக்காக முடுக்கு, மேலே இடது, கீழே வலது, ஒவ்வொன்றும் கால் சுற்று, தகட்டின் மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் ஒன்றாக இருக்கிறதா, இருக்கிறது. கிரீஸ் பட்ட மரை லேசாக ஓடும், பயத்தில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனால் போல்ட்டின் தலை துண்டாகிக் கையோடு வரும், அதற்காகத்தான் கம்பெனியிலிருந்து டார்க் ரெஞ்ச் கேட்டு வாங்கி வந்தேன், வேண்டிய முடுக்கு வந்ததும் அதுவே சொல்லும்… டிக். ஒன்று.

எட்டு மாதத்துக்கு முன் ஓர் இறக்கத்தில் பஸ் குறுக்கே திரும்பியது, பிரேக் பிடித்தாள், ஹேண்டில்பார் தகட்டுக்குள்ளேயே சுழன்று முன்னால் கவிழ்ந்தது, கூடவே அவளும், காறை எலும்பு இரண்டு துண்டு. சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவள் தம்பி. எங்கள் தொழில் பழக்கம் ஒன்று அவனுக்கும் தெரியும், போல்ட்டை முடுக்கியதும் அதன் தலையிலிருந்து தகடு வரை சிவப்புப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு, போல்ட் தளர்ந்து திரும்பினால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். “மாமா, நாலு கோடும் நேரா இருக்கு, போல்ட் அசையவே இல்ல. இவ பிரேக் பிடிச்சா பூமியே நிக்கணும்னுல்ல பிடிப்பா!” ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள், கட்டுக்குள்ளிருந்து அவளும், “என் தப்புதான், வேகமா வந்துட்டேன்” என்று. நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன், ஒரு சுளையிலும் ஒரு நார் விடாமல்… டிக். டிக். மூன்று.

டிக். நான்கு. நிமிர்ந்தால் சீருடையோடு எதிரே நிற்கிறாள். சொல்லிவிடு, இப்போதே, அவள் ஏறுவதற்குள். “இங்க பாரு, அன்னைக்கு…” “பேனாவைக் குடுங்க.” “எதுக்கு?” “கோட்டை நான் போடுறேன். நாலும் டிக் சொல்லிடுச்சுல்ல?” “சொல்லிடுச்சு.” “அப்ப சரி. இந்தத் தடவை முடுக்கின பிறகு.” வலது முழங்கையை இடது கையால் தாங்கிக்கொண்டு குனிந்தாள், அந்தத் தோள் இன்னும் முழுசாகத் தூங்கி எழவில்லை, ஒரு கோடு, இரண்டு… இந்தத் தடவையா? அன்று பேனா காய்ந்துகொண்டு வந்தது, மை தீர்வதற்குள் போட்டுவிடலாமே என்று அரை முடுக்கில் நின்ற நான்கு போல்ட்டுக்கும் முதலில் கோட்டைப் போட்டேன், அப்போது பார்த்து போன், பேசிவிட்டுத் திரும்பினால் பளிச்சென்று நான்கு சிவப்புக் கோடு, முடித்துவிட்டேன் என்று நானே நம்பி, எடுத்துட்டுப் போ என்று நானே சொன்னேன்… முடுக்காத போல்ட்டின் கோடும் நேராகத்தானே நிற்கும்? அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்றல்லவா இருந்தேன், அன்றும் இதே நடையில்தான் உட்கார்ந்திருந்தேன், சமையலறை ஜன்னல் இதைப் பார்த்துத்தானே இருக்கிறது… அப்படியானால் அந்தக் கட்டிலில், என் தப்புதான் என்று சிரித்தாளே, அப்போதே தெரிந்திருந்ததா?