ஜெரிசனுக்குக் கிடைத்த ஒரேயொரு தடவை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பெர்னடெட் என்றால் கந்தோரில் எல்லாரும் பார்த்துத்தான் கதைப்பார்கள். புதிதாக வந்த ஜெரிசனுக்கும் மூன்றே மாதத்தில் அது தெரிந்துவிட்டது.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் சேர்வர்களுக்குள் கோப்பாயில் இருந்தபடியே நுழைந்து, கட்டளை அடித்துப் பராமரிப்பதுதான் எங்கள் ஏழு பேரின் வேலை. உள்ளே போக ஜாவாஸ்கிரிப்டில் ஒரு புரோகிராம் இருக்கிறது. எழுதியது நான். மற்றவர்கள் தங்கள் கணினியில் இருக்கும் டிஜிற்றல் சாவியோடு நேரே போய்விடுவார்கள். தகுதிகாண் காலம் முடியாததால் ஜெரிசனுக்கு இன்னும் சாவி கொடுக்கவில்லை. போனில் வரும் ஆறு இலக்கத்தை அவன் முப்பது செக்கனுக்குள் அடிக்க வேண்டும். வலது கையில் அவனுக்கு இரண்டு விரல்தான். மற்றவை சின்ன வயதில், யுத்தத்தில் செல் குண்டு விழுந்து போனவை.

நாலு பிழை விட்டால் அந்தச் சேர்வர் எங்கள் கந்தோர் முழுவதையும் ஒரு மணித்தியாலம் உள்ளே விடாது. ஜெரிசனால் ஒரே மாதத்தில் மூன்று தரம் அப்படி நடந்தது. செவ்வாய்க்கிழமை நாலாவது தரம். என் வேலை பாதியில் நின்றுபோக, எழும்பி நின்று கத்தினேன்.

"நாலு தரம் பிழையா அடிக்கிறதெண்டால் நித்திரையோ உமக்கு?"

"ஒருக்காத்தான் பிழை விட்டனான், அக்கா."

"பொய் வேறை சொல்லுறீர்!"

அவன் தன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மனேஜர் அன்புராஜா அண்ணை என்னைக் கூப்பிட்டார். வெள்ளியோடு ஜெரிசனின் தகுதிகாண் காலம் முடிகிறது.

"நல்ல பெடியன்தான். ஆனா இந்த வேலை சரிவராது போலை. நிப்பாட்டுவம். சேர்வர் மறிச்ச அந்த நாலு நாள் பதிவுகளை எடுத்துத் தாங்கோ, கடிதத்தோடை வைக்கோணும்."

வியாழன் காலை எடுத்தேன். செவ்வாய், பத்து இருபது. முதல் பிழை, சேர்வர் ஏற்காத ஒரு பழைய சாவி. இரண்டாவது, இன்னொரு பழைய சாவி. மூன்றாவதும் சாவிதான். நாலாவதுதான் ஜெரிசன் அடித்த இலக்கம். மற்ற மூன்று நாளும் அப்படியே.

அந்தச் சாவிகளைப் புரோகிராமுக்குள் போட்டது நான். எப்போதாவது உதவும், கிடக்கட்டும் என்று போட்டது. ஆளிடம் சொந்தச் சாவி இல்லாவிட்டால் புரோகிராம் அந்த மூன்றையும் நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் இலக்கம் கேட்கும். மற்றவர்களுக்குச் சொந்தச் சாவி இருந்ததால் ஒருவருக்கும் இது தெரியவில்லை. அட பாவி, அந்தப் பிள்ளைக்கு ஒரேயொரு தடவைதான் கிடைத்திருக்கிறது!

எந்த ஆளுக்கு எந்த முறையில், எந்த ஒழுங்கில் கேட்பது என்று புரோகிராமுக்கு நாங்களே எழுதிக்கொடுக்க வழி இருக்கிறது. ஜெரிசன் வந்தால் இலக்கம் மட்டும் கேள், சாவி ஒன்றையும் நீட்டாதே என்று எழுதினேன். பத்து நிமிசம்கூட ஆகவில்லை.

பிறகு மனேஜரிடம் போனேன். "பிழை என்ரை, அண்ணை. அவனை நிப்பாட்டுறதெண்டால் முதல் என்னை நிப்பாட்டுங்கோ."

அவர் பதிவை இரண்டு தரம் வாசித்தார். "கடிதம் தேவையில்லை," என்றார்.

ஏசியது எல்லாருக்கும் முன்னால். ஆகவே வெளியே வந்து எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். "நாலு தரமும் கந்தோரை மறிச்சது என்ரை புரோகிராம். ஜெரிசன் சொன்னது உண்மை." பிறகு அவனிடம் திரும்பினேன். "ஏன் ஐசே, நீர் பதிவைப் பாக்கேல்லையோ?"

"பாத்தனான், அக்கா. மூண்டு சாவியையும் கண்டனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்கள் எழுதினது. ஏதோ காரணத்தோடைதான் வைச்சிருப்பியள் எண்டு நினைச்சன். என்ரை கைதான் சரியில்லையாக்கும் எண்டு, விடிய வெள்ளன எழும்பி இலக்கம் அடிச்சுப் பழகிறனான்."

"எவ்வளவு நாளா?"

"ஒரு மாசமா."

கதிரையை இழுத்து அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். "மன்னிச்சுக்கொள்ளும், ஐசே," என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.